வேணாம் டாக்டர் வாங்கிய பல் ஆஸ்பத்திரி

வருகிறவர்களை வாசலோடு திருப்பி அனுப்புவதற்காகவே நிலத்தை விற்று ஆஸ்பத்திரி வாங்கிய டாக்டர் உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் ஓசூர் பஜாரில் இருந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் போர்டில் இருந்தது. அதை யார் படித்தார்கள்? பல்லைப் பிடுங்கச் சொல்லி யார் வந்தாலும் "வேணாம்" என்பார். அதனால் அவர் வேணாம் டாக்டர். கன்னடக்காரர்களுக்கு 'பேடா டாக்டரு'. தெலுங்குக்காரர்களுக்கு 'வத்து டாக்டரு'. ஒரே மனிதர் மூன்று பாஷையிலும் மறுப்புக்குப் பெயர் வாங்குவது எங்கள் ஊரில்தான் நடக்கும்.

ஐம்பதுகளின் கடைசி அது. என் தையல் கடைக்கும் பல் ஆஸ்பத்திரிக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கம் யாராவது "ஆ" என்றால் இந்தப் பக்கம் என் கத்தரி நின்றுவிடும். முதலில் அதை நடத்தியவரைப் பல்லய்யா என்போம். காலேஜ் வாசலை மிதிக்காதவர், கைபலத்தால் டாக்டரானவர். வயதாகி, மகள் வீட்டோடு போய்விட நினைத்தபோது, நாற்காலி, கொறடுகள், காலால் மிதித்துப் பல்லைக் குடையும் மிஷின், தலையணை கனத்துக்கு நோயாளிகள் பெயர் எழுதிய நோட்டு எல்லாவற்றையும் சேர்த்து விலை பேசினார். "நோட்டுதான் தம்பி விஷயமே. இதுல இருக்கறவங்க வேற எந்த டாக்டர்கிட்டயும் போகமாட்டாங்க" என்று உள்ளங்கையில் அடித்துச் சொன்னார்.

மெட்ராஸில் பல் படிப்பு முடித்து, மை காயாத சர்டிபிகேட்டோடு வந்த நம் டாக்டர் அந்த நோட்டில் மயங்கிவிட்டார். கெலமங்கலத்தில் ராகி விளைந்த நிலத்தை அவர் அப்பா விற்றுக் கொடுத்தார். கூடவே ஒரு கெடுவும் கொடுத்தார்.

"யுகாதி வரைக்கும் பாரு. ஆள் வரலேன்னா எல்லாத்தையும் வித்துட்டு மெட்ராஸ்ல கவர்மெண்டு வேலைக்குப் போயிடு."

டாக்டருக்கு மெட்ராஸ் போக மனமில்லை. "மாஸ்டர், நம்ம பக்கத்துல அறுபது வயசுல சொந்தப் பல்லுல கரும்பு கடிக்கிற ஆள் எத்தன பேரு? அப்படி நாலு பேரையாச்சும் உண்டாக்கணும். அதுக்கு நான் இங்கதான இருக்கணும்" என்பார்.

ஆஸ்பத்திரியைத் திறந்த கையோடு, நோட்டில் இருந்த அத்தனை பேருக்கும் 'பற்களை இலவசமாகப் பரிசோதிக்கிறோம், வரவும்' என்று தபால் கார்டு போட்டார். சந்தை நாளில் கூட்டம் தெருவை அடைத்தது. என் பெஞ்சும் அங்கே போய்விட்டது. முதலில் உட்கார்ந்தவர் பாகலூர்ப் பெரியவர் ஒருவர். வாயைத் திறந்தார். டாக்டர் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஐயா, பல்லு எங்க?"

"பல்லய்யா எடுத்துட்டாரு."

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணுதான் வலிச்சுது. பக்கத்துப் பல்லும் வலிக்கப் போவுதுன்னாரு. அவரு சொன்னா சரியாத்தான இருக்கும்."

அடுத்தவர் வாயும் அதே பொட்டல். அதற்கடுத்து, தளி ஊரிலிருந்து வந்த அம்மா சிரித்தார். திறந்து காட்டச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. பல்லய்யா சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. அந்த நோட்டில் இருந்தவர்கள் இனி எந்தப் பல் டாக்டரிடமும் போகப்போவதில்லை.

"பல்லே இல்லியே, அப்புறம் எதுக்கும்மா வந்தீங்க?" என்றார் டாக்டர் பரிதாபமாக.

"எம் பேரு போட்டு இதுவரைக்கும் யாருங்க கார்டு போட்டாங்க? வராம இருந்தா மரியாதையா இருக்குமா?"

இதை நான் என் அளவு நோட்டின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டேன்.

பிறகு பல் உள்ளவர்களும் வந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் பிடுங்கவேண்டும். பல்லய்யா பிடுங்கிய பல்லை வெற்றிலையில் மடித்துக் கையில் கொடுப்பார். வீட்டாரிடம் காட்டிவிட்டுக் கூரைமேல் எறிவது வழக்கம். தளிக் காய்கறிக்காரர் ஒருவரிடம் டாக்டர், "இது நல்ல பல்லுங்க, ஓட்டைய அடைச்சாப் போதும், பிடுங்க வேணாம்" என்றார்.

"வெறுங்கையோட வீட்டுக்கு எப்படிப் போறது? பல்லு எங்கன்னு கேப்பாங்களே."

"வாயிலதான் இருக்குதுன்னு சொல்லுங்க."

"அதுக்கா பஸ் ஏறி வந்தேன்?" என்று துண்டை உதறிக்கொண்டு இறங்கிவிட்டார். "பாவம், அந்தப் புள்ளைக்குப் பிடுங்கத் தெரியல" என்று சந்தை முழுக்கச் சொல்லிவிட்டும் போனார்.

ஒருநாள் டாக்டர் என் கடைக்குள் வந்து தயங்கி நின்றார். பல் குடையும் மிஷினின் வார் வழுக்குகிறதாம். காலால் மிதித்தால் கை ஆடுகிறதாம். எனக்குத் தெரிந்தது மிதிப்பது ஒன்றுதான். தையல் மிஷின் வாரை வெட்டிப் போட்டு, நானே உட்கார்ந்து சீராக மிதித்தேன். அவர் குடைந்தார். முதன்முதலாக ஒரு ராகி வியாபாரி, தன் பல்லைத் தன் வாயிலேயே வைத்துக்கொண்டு எழுந்து போனார்.

அவர் போய்ச் சொன்ன சேதி இது: "டெய்லர் மிதிக்கறாரு, டாக்டர் பல்லத் தைக்கறாரு."

அவ்வளவுதான். பல்லை அடைப்பது எவருக்கும் பிடிபடவில்லை. தைப்பது உடனே பிடிபட்டது. கிழிந்த சட்டையை யாராவது தூக்கிப் போடுவார்களா? "எனக்கும் ஒரு தையல் போடுங்க" என்று ஆட்கள் வந்தார்கள். நம் டாக்டரோ, "இது தையல் இல்லீங்க" என்று ஆரம்பித்து, பல்லின் படத்தைச் சுவரில் மாட்டி அரைமணி நேரம் விளக்குவார். முடிப்பதற்குள் பாதிப்பேர் பஸ் ஏறிவிடுவார்கள்.

"தையல்னே சொல்லிட்டுப் போங்களேன் டாக்டரே. யுகாதி வந்துட்டுது" என்று நானே சண்டை போட்டேன்.

"பொய் சொல்லி ஒருத்தர் வாயத் தொறக்கச் சொல்ல என்னால ஆகாது மாஸ்டர்."

யுகாதிக்கு முந்தின நாள் அவர் அப்பா வந்து இறங்கினார். சட்டைப் பையில் மெட்ராஸ் வேலைக்கான விண்ணப்பத் தாள். வீங்கிய கன்னத்தில் துண்டுக் கட்டு.

"கையெழுத்துப் போட்டுட்டு மூட்டையக் கட்டு. அதுக்கு முன்ன எனக்கு ஒரு தையல் போடு. பிடுங்கற வேல மட்டும் வேணாம்."

டாக்டர் வெகுநேரம் பார்த்தார். "அப்பா, இது தேறாது. பிடுங்கணும்."

மிதிக்கத் தயாராகப் பல் மிஷின்மேல் வைத்திருந்த காலை நான் எடுத்துவிட்டேன். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

"ஊருக்கெல்லாம் வேணாம்ங்கற. பெத்தவனுக்கு மட்டும் பிடுங்கணுமாடா?"

"எல்லாருக்கும் நெசத்தத்தான் சொன்னேன்பா."

மரத்துப்போக ஊசி போட்டார். கொறடு உள்ளே போனதும் வந்ததும் எனக்கே சரியாகத் தெரியவில்லை. அப்பா மோட்டுவளையைப் பார்த்தபடி, "ஊசியப் போட்டுட்டு என்னடா நிக்கற? பிடுங்கித் தொல" என்றார். பல் அதற்குள் தட்டில் கிடந்தது.

பெஞ்சில் அந்தத் தளிக் காய்கறிக்காரரும் இருந்தார். பல் திரும்ப வலித்ததால் வேறு வழியில்லாமல் வந்தவர். தட்டை எட்டிப் பார்த்தார்.

"அப்ப, பிடுங்கத் தெரிஞ்சேதான் எனக்கு வேணாம்னீங்களா?"

"ஆமாங்க."

"நெசமாவே என்னுது நல்ல பல்லா?"

"நல்ல பல்லுங்க."

மனிதர் படத்தைக்கூடப் பார்க்காமல் நாற்காலியில் ஏறி வாயைத் திறந்தார்.

பஞ்சைக் கடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசக்கூடாது என்று அப்பாவுக்கு உத்தரவு. போட்டு வந்த திட்டத்தையெல்லாம் வாய்க்குள் வைத்துக்கொண்டு என் கடையில் உட்கார்ந்து, தடுப்பு இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதற்குள் மூன்று பேருக்கு நான் மிதித்திருந்தேன். பஞ்சை எடுத்ததும், "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். வீட்டில் டாக்டரின் அம்மாவிடம் காட்டவேண்டும் என்று தன் பல்லைக் கேட்டு வாங்கினார். மடிப்பதற்கு வெற்றிலை இல்லை. சட்டைப் பையிலிருந்த விண்ணப்பத் தாளை எடுத்து, அதிலே மடித்துக்கொண்டு போய்விட்டார்.

டாக்டர் எங்கள் பஜாரிலேயே இருந்து, அங்கேயே கிழவராகிப் போய்ச் சேர்ந்தார். எனக்கு வலப்பக்கக் கடைவாயில் இரண்டு பல் அடைத்துவிட்டிருக்கிறார். எதைத் தின்றாலும் நான் அந்தப் பக்கமாகவே மெல்லுகிறேன்.