கால்டெராவைக் காப்பாத்தினேன்

ஆனது ஆகட்டும், என் கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்கு விடப்போறதில்லை! போன ஞாயித்துக்கிழமை காலைல காபி டம்ளரை டொக்குனு வெச்சு சபதமே போட்டேன்.

காரணம் என் மனைவி லோகநாயகி.

"ஏங்க, பரண்ல கெடக்குற கம்ப்யூட்டரை எறக்குங்க. காயலான் கடை தனகோடி பதினோரு மணிக்கு வண்டியோட வராரு."

"லோகா! அது இன்னா கம்ப்யூட்டர்னு தெரியுமா?"

"ஓடாத கம்ப்யூட்டர்."

"ஓட்டிக் காட்டினா?"

"ஓடினா வூட்லயே இருக்கட்டும். ஓடலைன்னா வண்டியில ஏத்துங்க."

விடுவேனா? தொண்ணூத்தொம்போதுல எங்க கூடுவாஞ்சேரி தெருவே திருட்டு விண்டோஸ்ல ஓடிக்கினு இருந்துச்சு. நான் ஒருத்தன்தான் ரயிலேறி ரிச்சி தெரு கம்ப்யூட்டர் கடைக்குப் போய், காசு குடுத்து, விண்டோஸுக்குப் பதிலா ஓடற கால்டெரா லினக்ஸைப் பெட்டியோட வாங்கியாந்தேன். சிடி, தலகாணி சைஸ் புத்தகம், எல்லாம் உண்டு. மறைமலைநகர் ஃபாக்டரியில பக்தவத்சலம்ங்கற என் பேரையே 'லினக்ஸ் பக்தா'ன்னு மாத்திட்டாங்க. ஒரே குறை, பரண் ஏறுற வரைக்கும் நாலு வருஷமும் வாரத்துக்கு ஒருதரம் படுத்துடும். நானும் சளைக்காம முதல்லேர்ந்து போடுவேன். "நீங்க போய் ரெஸ்ட் எடுங்க, நான் பாத்துக்கறேன்"னு லோகா நாற்காலியை வாங்கிப்பா. இன்னா அக்கறைன்னு உருகிப் போவேன்.

பரண்ல ஏறினேன். பத்து தும்மல். ஒயரை மாட்டி சுவிட்சைப் போட்டேன். உள்ள இருந்த ஃபேன் அலறிச்சு. சிடியைப் பனியன்ல துடைச்சுத் தள்ளினேன். படிக்கலை. மறுபடி துடைச்சேன். படிக்கலை. மணி பத்தரை. நானா விடுவேன்? மூணாவது தடவை திரையில கால்டெரா! கண்ணுல தண்ணியே வந்துடுச்சு.

கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் தட்டினேன். ஃபைலெல்லாம் காப்பி ஆக ஆரம்பிச்சுது. காத்துக்கினு இருக்கறவங்களுக்குப் பொழுது போக, மேலேர்ந்து கட்டை விழற விளையாட்டும் வந்துச்சு.

"எழுந்திருங்க!" கையைத் துடைச்சுக்கினே லோகா ஓடியாந்தா. உக்காந்தா. விரல் பறக்குது.

பதினோரு மணிக்கு வாசல்ல தனகோடி. நெஞ்சை நிமித்தினேன். "அண்ணாத்த, கம்ப்யூட்டர் கிடையாது. கெளம்புங்க!"

"எந்தக் கம்ப்யூட்டர் சார்? நான் பக்கத்து வூட்டுல பேப்பர் எடுக்க வந்தேன்."

உள்ள ஓடினேன். "தனகோடிகிட்ட நீ சொல்லவே இல்லையா?"

லோகா திரையிலேர்ந்து கண்ணை எடுக்கலை. "லினக்ஸ் போட்டுக் குடுங்கன்னா நாளைக்குன்னுவீங்க. தூக்கிப் போடறேன்னாதான் ஒடனே போடுவீங்க. இந்த ஆட்டம் அதைப் போடும்போது மட்டும்தான வருது?"

"அப்போ... வாரா வாரம் படுத்துச்சே?"

"பாஸ்வேர்டை நீங்கதான காலண்டர்ல எழுதி மாட்டியிருந்தீங்க. நீங்க கம்பெனி பஸ் ஏறினதும் கண்ணுல பட்ட ஃபைல்ல ரெண்டை அழிப்பேன்."

அடிப்பாவி! நாலு வருஷம்! ஆத்திரமா வந்துச்சு. ஆனா என் கம்ப்யூட்டர் தப்பிச்சுது, கால்டெரா ஓடப்போவுது, அது போதும்னு மனசைத் தேத்திக்கினேன். அதே நேரம் காப்பி ஆகி முடிஞ்சுது. "ஜெயிச்சுட்டேன்!"னு கத்தினேன்.

லோகா மூஞ்சி சுருங்கிச்சு.

"இன்னாங்க, அதுக்குள்ள முடிஞ்சுடுச்சு? அழிச்சுட்டு முதல்லேர்ந்து போடுங்க."

போட்டேன்.