கம்ப்யூட்டருக்கு நான் வைத்த சந்தனம்

பக்தியும் வேலை பயமும் சேர்ந்து ஒருவனுக்கு வந்தால், அவன் பக்கத்தில் சந்தனக் கிண்ணத்தை வைக்கவே கூடாது. நானே சாட்சி.

எண்பதுகளின் தொடக்கம். திருவனந்தபுரத்தில் நான் தற்காலிகத் தமிழ் விரிவுரையாளர். ‘கம்ப்யூட்டரும் இலக்கியமும்’ என்று எங்கள் துறை ஓர் உலக மாநாடு கூட்டியது. விஜயதசமியன்று; விடுமுறை நாளில் ஹால் சும்மாதானே கிடக்கும்! பழைய நெய்தல் பாட்டுகளில் ‘கடல்’ எங்கெல்லாம் வருகிறது என்று மெஷின் தேடிக் காட்ட வேண்டும். வரிக்கு ஓர் அட்டை, அட்டையில் துளைகள், துளைகளைத்தான் மெஷின் படிக்கும். அட்டைப்பெட்டி என் பொறுப்பு.

“இது ஒழுங்கா நடந்தா நீ பெர்மனென்ட். இல்லேன்னா சாலை பஜார்ல அரிசிக்கடை பார்த்துக்கோ” என்றார் துறைத் தலைவர்.

பயத்தில், கோட்டைப் பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் புத்தகங்களைப் பூஜைக்கு வைத்த அன்றே பெட்டியையும் வைத்தேன்.

“பெட்டி மேல ஒரு பொட்டு வச்சாப் போறாதா?” என்றாள் மனைவி.

“ஒவ்வொரு அட்டையும் ஒரு வரிடீ. எந்த வரியை விடறது?”

(அறிவாளி!) ஒன்று விடாமல் சந்தனம் தடவினேன்.

விஜயதசமி காலையில் பூஜை முடிந்ததும், வைத்ததைக் கொஞ்சம் வடக்கே நகர்த்த வேண்டும் என்பது சம்பிரதாயம். நான் ஸ்கூட்டரில், வடக்கே பாளையத்தில் இருந்த மாநாட்டு ஹால் வரைக்கும் நகர்த்தினேன்.

ஹாலில் வெளிநாட்டு அறிஞர்கள். மெஷின் அட்டைகளை விழுங்கியது, இருமியது, ஒரு தாளைத் துப்பியது. கடல்: பூஜ்யம்.

நெய்தல் பாட்டிலேயே டாக்டர் பட்டம் வாங்கிய ஜெர்மன்காரர் வெளுத்துப் போனார். தலைவர் என் காதில் சீறினார்: “கடலே இல்லியாடா? விழிஞ்ஞத்து மீன்காரன்கிட்ட போய்ச் சொல்லு, வலையோட சேர்த்துக் கட்டிடுவான்!”

ஆபரேட்டர் ஓர் அட்டையைத் தூக்கிப் பிடித்தார். “அய்யோ சாரே, என்ன பணி காட்டிட்டீங்க! துவாரம் ஒண்ணுமே இல்லியே!”

காய்ந்த சந்தனம் சிமென்ட் மாதிரி அடைத்திருந்தது.

ஜெர்மன்காரர் முகர்ந்து பார்த்து, “இது என்ன?” என்றார் நல்ல தமிழில். சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தால், கோட்டைக் கழற்றிவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வாட்ச்மேன் புதுத் துடைப்பத்தை உருவி ஆளுக்கொரு ஈர்க்குச்சி கொடுத்தார். சாயங்காலம் வரை உலக அறிஞர்கள் ஓட்டை குத்தினார்கள். ஹால் முழுக்க பழவங்காடிப் பிள்ளையார் சந்நிதி வாசனை. கடைசியில் மெஷின் கடலைக் கக்கியது, பக்கம் பக்கமாக. “எல்லா மாநாட்டிலும் கொட்டாவிதான் விட்டிருக்கிறேன், இங்கேதான் வேலை செய்தேன்” என்று என் கையைக் குலுக்கினார் ஜெர்மன்காரர். அவர் எதிரில் தலைவரால் என்னைத் திட்ட முடியவில்லை.

வேலை நிரந்தரமானது. மெஷின் ரூம் பக்கமே தலை காட்டக் கூடாது என்பதும் நிரந்தரமானது.

இப்போதும் சரஸ்வதி பூஜை வந்தால் என் மகள் லேப்டாப்பை மடியில் அணைத்துக்கொண்டு கத்துவாள்: “அம்மா, அப்பா கிண்ணத்தோட வரார்!”

உள்ளேயிருந்து மனைவி குரல் கொடுப்பாள்: “ஈர்க்குச்சி இருக்கா பாரு, அப்புறம் அப்பாவைக் கிட்ட விடு.”