ஹாரன் அண்ணனின் தாடை

கேமரன் மலைப் பனிமூட்டத்தை ஹாரன் அடித்தே கலைத்த ஒரே மனிதர் அவர்தான். எங்கள் தேயிலைத் தோட்டத்து லோரி டிரைவர். எல்லாருக்கும் ஹாரன் அண்ணன். வளைவில் அடிப்பார். வளைவே இல்லாத இடத்தில், "அடுத்தது வருதுல்ல சார்" என்று அடிப்பார். நடந்து போகும்போது எதிரே ஆள் வந்தால் வாயாலேயே "பாம்" என்பார்.

எண்பதுகளின் தொடக்கம். தோட்டப் பள்ளி வாத்தியாரான என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு விருந்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். குழம்பு மோவாயில் வழிந்தது.

"அண்ணே, வழியுது."

"எங்க?"

கீழுதடும் மோவாயும் மரத்துப்போயிருந்தன. தாடையும் வலித்தது; பக்கத்து டவுனான பிரிஞ்சாங்கில் இரண்டு பல்லைப் பிடுங்கியும் வலி போகவில்லை. கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு, அவர் மனைவி அஞ்சலை அக்காவோடு நானும் மொழிபெயர்க்கப் போனேன்.

டாக்டரின் முதல் கேள்வி, "ராத்திரி எத்தனை தடவை ஒன்றுக்குப் போகிறார்?"

"பல்லுக்கு வந்தா மூத்திரத்தக் கேக்குறாரே! ரூம் மாறிட்டமா சார்?"

மாறவில்லை. கையில் ஓர் ஊசி போட்டார்கள். லேசாகக் கதிர்வீசும் மருந்து. எலும்பில் கோளாறு உள்ள இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், சில மணி நேரம் கழித்துக் கேமராவில் தெரியும் என்றார்கள். "அப்ப எனக்குள்ள லைட்டு போட்டாச்சுலா" என்றார் அண்ணன். கர்ப்பிணிகள் பக்கம் போகாதே என்று நர்ஸ் சொன்னதுதான் தாமதம், வராந்தா முழுக்க "பாம், பாம்" என்று எச்சரித்துக்கொண்டே நடந்தார்.

படத்தில் அவருடைய எலும்புக்கூடு. முதுகெலும்பு, இடுப்பு எல்லாம் சுத்தம். தாடையில் மட்டும் கரும்புள்ளி.

மற்ற சோதனைகளும் முடிந்தபின் டாக்டர் விளக்கினார். மூத்திரப் பைக்குக் கீழே இருக்கும் புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். வழக்கமாக முதுகுக்கும் இடுப்புக்கும் போவது, இவருக்குத் தாடைக்கு வந்திருக்கிறது. "இப்படி நான் அதிகம் பார்த்ததில்லை" என்றார். நோய்க்குத் தீனி போடும் ஆண் ஹார்மோன் சுரக்காமல் இருக்க விதைகளை எடுக்க வேண்டும்.

அண்ணன் மெல்ல அக்காவைப் பார்த்தார்.

"எனக்கு நீங்க வேணும்" என்றார் அக்கா. "மத்தத டாக்டரே வச்சுக்கிடட்டும்."

அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு வலி அடங்கியது. உதட்டுக்கு உணர்ச்சி திரும்பவில்லை. சில வருடம் லோரி ஓட்டினார். பிறகு நோய் மற்ற எலும்புகளுக்கும் இறங்க, படுத்துவிட்டார்.

பள்ளி விட்டதும் நேரே அவர் வீட்டுக்குப் போவேன். அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பார். சூடு அவர் உதட்டுக்குத் தெரியாது. அதனால் முதல் மடக்கை நான் குடித்துப் பார்த்துவிட்டுத்தான், அதே கிளாஸை அவர் வாயில் வைப்பேன்.