மந்தி சாரும் மாமியின் வடாமும்

குரங்கு தன் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடும்போது, அதைத் துரத்தாமல், "அது கண்ணாடின்னு இதுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று யோசித்து நின்ற ஒரே மனிதர் உலகத்திலேயே எங்கள் மந்தி சார்தான்.

அடையாறில் ஒரு மாமியின் வீட்டு மாடியில் நானும் அவரும் அடுத்தடுத்த அறைகளில் குடியிருந்தோம். ஒரே பொருளை மனிதனும் பலவகைக் குரங்குகளும் எப்படிப் பார்த்து அடையாளம் காண்கின்றன என்பது அவருடைய ஆராய்ச்சி; 'மந்தி சார்' என்ற பெயர் வந்தது அதனால்தான். காசிமேட்டுக்காரர். படிப்பு எவ்வளவோ ஏறியும் பேச்சு மாறவில்லை. கைப்பேசியில் ஏதாவது படம் காட்டாமல் என்னைக் குளிக்கப் போகவிட மாட்டார்.

"இது இன்னா நைனா?"

"கரண்டி."

"தலைகீழா கீதே, எப்படிக் கண்டுபுட்ச்ச?"

எனக்கென்ன தெரியும்?

சித்திரை வெயிலில் மாமி மொட்டை மாடியில் வடாம் பிழிந்தார். குரங்குகள் பந்தி நடத்திவிட்டுப் போயின.

"நீங்கதானே குரங்குப் படிப்பு படிக்கறேள்? இன்னொரு தரம் வடாம் போச்சுன்னா ரூமைக் காலி பண்ணிடுங்கோ!" என்றார் மாமி.

நம் ஊர்க் குரங்குகளுக்கு கறுத்த முகமும் சாம்பல் உடம்பும் நீண்ட வாலுமாக இருக்கும் பெரிய மந்தி என்றால் பயம். சார் மந்தியின் படத்தை ஆளுயரத்துக்கு அச்சடித்து, அட்டையில் ஒட்டி நிறுத்தினார். குரங்குகள் தலைதெறிக்க ஓடின. மாமி குளிர்ந்துபோனார்.

அத்தோடு விட்டிருக்கலாம். "எதைப் பாத்து பயந்துச்சு? மூஞ்சியா, வாலா?" என்று சாருக்குத் தூக்கம் போய்விட்டது. அட்டையை வெட்டி வாலை மட்டும் தொங்கவிட்டார். குரங்குகள் அதைப் பிய்த்து விளையாடிவிட்டு ஒரு வரிசை வடாமைத் தின்றன.

கடைசியில் அவரே முகத்தில் கரி பூசி, சாம்பல் நிறப் போர்வையோடு வடாம்களுக்கு நடுவே குந்திவிட்டார். ஒரு கிழட்டுக் குரங்கு வந்து சுற்றிப் பார்த்தது. பிறகு சாவகாசமாக உட்கார்ந்து அவர் தலையில் பேன் பார்க்க ஆரம்பித்தது. மற்றவை சாப்பிட உட்கார்ந்தன.

அந்த நேரம் மேலே வந்த மாமி, "ஐயய்யோ, மந்தி!" என்று அலறிக்கொண்டு கீழே ஓடினார்.

சார் பின்னாலேயே ஓடினார். ஒரு வடாம்கூட மிஞ்சவில்லை என்று தெரிந்ததும் மாமி வாசலைக் காட்டக் கை தூக்கினார். சார் கரிமூஞ்சியோடு ஆவலாகக் கேட்டார்:

"மாமி, கொரங்கே ஏமாறல. நீங்க எதைப் பாத்து என்னை மந்தின்னு நெனச்சீங்கோ?"

தூக்கிய கை அப்படியே நின்றது. மாமி யோசித்தார்.

"மூஞ்சி இல்லை… உட்கார்ந்துண்டிருந்த தினுசு. எங்கே, இன்னொரு தரம் உட்காருங்கோ, பார்ப்போம்."

காலி பண்ணும் பேச்சு அதற்குப் பிறகு எழவே இல்லை.

அடுத்த வருஷம் வெளியூரில் வேலை கிடைத்து சார் போய்விட்டார். அறை கேட்டு வந்தவர்களிடமெல்லாம் மாமி வெகுநாள் வரைக்கும், "அங்கே ஆள் இருக்கார்" என்றே சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார்.