ஏரிக்கு நாற்பத்து மூன்று பேர்

பலகையில் பதினோரு பெயர்கள் இருந்தன. ராடிவோய்க்கு வேண்டியது ஒரே ஒரு பெயர்.

அந்தப் பெயர் மேலேயே இருந்தது: நெவென்கா, மருந்துக்கடை. கீழே இருந்த பத்தும் வேண்டாத பெயர்கள்.

போன வெள்ளிக்கிழமை ரொட்டிக்கடை வரிசையில் நின்றபடி அவளாகத்தான் கேட்டாள். "மேல இருக்கிற அந்த ஏரிய நான் பாத்ததே இல்ல ராடிவோய். உங்க மலையேற்றச் சங்கம் எப்ப கூட்டிட்டுப் போகும்?" ராடிவோய் சங்கத்தின் வழிகாட்டி. ஐம்பத்திரண்டு வயது, மர அறுவை ஆலையில் கணக்கர், தனிக்கட்டை. ஐந்து வருஷமாக அவளிடம் ஒரு விஷயம் கேட்கவேண்டும் என்று மருந்துக்கடைக்குள் நுழைவார், இருமல் மருந்து வாங்கிக்கொண்டு வெளியே வருவார். இப்போது கடற்கரைப் பக்கம் கொப்பர் என்ற ஊரில் ஒரு மருந்துக்கடை அவளை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறதாம். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டுமாம். ஆக, ஞாயிற்றுக்கிழமையை விட்டால் நாள் இல்லை.

தனியாகக் கூட்டிப் போகலாமே என்பீர்கள். இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு ஆணும் பெண்ணும் சேர்ந்து பாலம் தாண்டினால் போதும், அடுத்த கரையில் கல்யாணத் தேதி சொல்லிவிடுவார்கள். ஆகவே முறைப்படி சர்ச் வாசல் கண்ணாடிப் பலகையில் அறிவிப்பு ஒட்டினார். 'ஞாயிறு. ஏரி. ஏழு மணி நேரம். கடினம்.' கடினம் என்று பார்த்தால் ஊர் ஒதுங்கிக்கொள்ளும் என்று நினைத்தார்.

மலை கடினம் என்றால்தான் கிழவிகூடக் கிளம்பும் ஸ்லோவேனியாவிலேயே பிறந்து வளர்ந்த மனுஷன் இப்படி நினைத்ததுதான் ஆச்சரியம்.

செவ்வாய்க்கிழமை, 'கடினம்' என்பதை அடித்து 'மிகக் கடினம்' என்று எழுதினார். சாயங்காலத்துக்குள் பத்தொன்பது பெயர்.

"யுஸ்தினா, உங்களுக்கு இடுப்பு ஆபரேஷன் ஆகி ஆறு மாசம்தானே ஆச்சு?" என்று எழுபத்து மூன்று வயதுக்காரியிடம் கேட்டார்.

"இடுப்புதான் புதுசு, கால் பழசுதான். பாறையில அடிச்ச இரும்புக் கம்பியப் புடிச்சு மலை ஏறின கால் இது. எதிர்வீட்டுக்காரி பேர எழுதியிருக்கா, நான் எழுதலன்னா என்ன நினைப்பா?"

புதன்கிழமை, 'புறப்பாடு அதிகாலை நாலு மணி. தலைக்கவசம் கட்டாயம்' என்று சேர்த்தார். யாரிடம் இருக்கிறது தலைக்கவசம்?

தீயணைப்புப் படையிடம் இருந்தது. படைத்தலைவர் காஷ்பெர் முப்பது கவசங்களைத் துடைத்து வைத்துவிட்டு, தம் ஆட்கள் பெயரையும் வரிசையாக எழுதிவிட்டார்.

"கவசம் போற இடத்துக்கு நாங்களும் வரணும்ல? சட்டம்யா! பஸ்ஸுக்கும் சொல்லியாச்சு. என் மச்சான் அக்கார்டியன் எடுத்துட்டு வர்றான்."

"மலை மேலயா?"

"பின்ன, ஏரில என்ன சும்மாவா உக்காந்திருக்கிறது?"

நாற்பத்து மூன்று பேர். நாற்பத்து மூன்று பேருக்கு நடுவில், அக்கார்டியன் சத்தத்துக்கு மேலே, தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, 'என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறாயா' என்று கேட்பதை ராடிவோய் ஒருமுறை மனசுக்குள் நடத்திப் பார்த்தார். வியர்த்துவிட்டது.

வியாழக்கிழமை காலை அவருக்கு ஒரு யோசனை உதித்தது. கடினம் என்றால் வருகிற கூட்டம், எளிது என்றால் வருமா? பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினார். 'ஞாயிறு. ஏரி. மிக எளிது. தள்ளுவண்டிக் குழந்தைகளுக்கும் ஏற்றது.' பெயர்களை வரிசை மாறாமல் கீழே எழுதினார். பச்சைப் பொய். ஆனாலும் பழைய வழிகாட்டியின் மனசாட்சி, 'நல்ல பூட்ஸ் அவசியம்' என்று ஒரு வரி சேர்த்தது.

பலித்தது! அன்று மாலையே நாலு பெயர் அடிபட்டன. வெள்ளிக்கிழமை பதினெட்டு. சனிக்கிழமை அந்தத் தாள் கோழி கிளறிய பாத்தி மாதிரி இருந்தது.

ஒன்றுதான் அவருக்குப் பிடிபடவில்லை. அவமானப்பட்டு முறைக்கவேண்டியவர்கள் ஏன் இப்படிச் சிரிக்கிறார்கள்?

"என் கோழிக்குச் சளி" என்றாள் யுஸ்தினா, வாயைப் பொத்திக்கொண்டு.

"முட்டைக்கோஸ் நறுக்கணும்" என்றார் காஷ்பெர்.

"உங்க படையில அத்தனை பேருமா?"

"பெரிய முட்டைக்கோஸ்யா!"

ராடிவோய் அதற்குமேல் தோண்டவில்லை. கௌரவக் குறைச்சலை மறைக்க ஆளுக்கொரு சாக்கு சொல்கிறார்கள் என்று முடிவுகட்டினார். தம் சாமர்த்தியத்தை நினைத்து வீட்டில் தனியாக விசில்கூட அடித்தார்.

ஞாயிறு விடியலில் பஸ் நிறுத்தத்தில் நெவென்கா மட்டும் நின்றிருந்தாள். "எளிதுதானே?" என்று கேட்டாள். "மிக எளிது" என்றார். முதல் இரண்டு மணி நேரம் சரளைச் சரிவில் இருவருக்கும் பேச்சே வரவில்லை, மூச்சு வந்ததே பெரிசு. மூன்றாவது மணி நேரத்தில் அவர் மேகங்களைப் பற்றிப் பேசினார். நாலாவதில் மரவிலை. கேட்கவேண்டியதை மட்டும் கேட்கவில்லை.

ஏரி வந்தது. கரையில் இருந்த தங்குகுடிலில் ஒரு ஈ காக்கை இல்லை. நெவென்கா பூட்ஸைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் கால் வைக்கப் போனாள். குடில்காரி சிரிலா வாற்கோதுமைக் கஞ்சியை அவர் முன்னால் வைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை, வெயில் வேற. உன் குடில் ஏன் இப்படிக் காலியா கெடக்கு?" என்றார் ராடிவோய். அவள் வாயைத் திறப்பதற்குள் தாமே தொடர்ந்தார். "எங்க ஊர்லயும் நாப்பத்து மூணு பேர் பேர் எழுதினாங்க. எல்லாரையும் ஒரே வார்த்தையில கழட்டிவிட்டேன். 'எளிது'ன்னு எழுதினேன் பாரு! நம்ம ஜனங்களோட நாடி எனக்குத் தெரியும்."

சிரிலா கரண்டியை மேஜைமேல் வைத்தாள்.

"கிழிச்சே! அந்தத் தாள யாரு படிச்சா? நாலு நாளா வீடு வீடா ஏறி இறங்கி 'இந்த ஒரு வாரம் வராதீங்க'ன்னு கெஞ்சினது நெவென்கா. எனக்குப் போன் பண்ணி இந்தக் குடில காலி பண்ண வச்சதும் அவ. கொப்பருக்கு 'வரல'ன்னு போன மாசமே எழுதிட்டு, திங்கட்கிழமை கெடுன்னு உன் காதுக்கு எட்டுற மாதிரி புரளி கெளப்பினதும் அவதான். கஞ்சிய அப்புறம் குடிக்கலாம், எந்திரிச்சுப் போய்க் கேளுய்யா!"