பழைய பெட்டிக்குள் சேராத புதுச் சாமான்

றக்வான,
வியாழக்கிழமை.

மதிப்புக்குரிய மச்சான் பொன்னுத்துரை அவர்களுக்கு,

உங்கள் தங்கை மல்லிகாவின் புருஷன் நாகலிங்கம் எழுதுவது. இங்கே மழையும் அட்டையும் நாங்களும் சுகம். வரக்காப்பொலயில் நீங்களும் இராஜம் அக்காவும் சுகமாக இருக்க மாரியம்மாவை வேண்டுகிறேன். நேற்று போனில் பேசும்போது பாதியில் வெட்டிவிட்டீர்கள். அதனால் மீதியை எழுதுகிறேன். கடிதத்தை வெட்ட முடியாது.

விஷயம் உங்களுக்குத் தெரியும். என் மகள் மதுஷா அடுத்த சனிக்கிழமை கம்பியூட்டர் கேம் போட்டியில் விளையாட வேண்டும். ஆளாளுக்கு அவரவர் வீட்டிலிருந்தே விளையாடுவதாம். இவளிடம் மெஷின் இல்லாவிட்டால் ஆள் குறைந்து அணியே வெளியே போய்விடுமாம். தோட்டத்து ஆபீஸில் கழித்துப் போட்ட பழைய கம்பியூட்டர் ஒன்றை நான் எடுத்து வைத்திருந்தேன். அதற்குப் போடப் புதுச் சாமான்களைக் கொழும்பில் வாங்கி அனுப்பியது நீங்கள். "எல்லாம் ஒன்னுக்கொன்னு சேருமான்னு பாத்துத்தான் வாங்கினேன் மாப்புள" என்று அடித்துச் சொன்னதும் நீங்கள்தான்.

மதுஷா கெம்பஸ் வகுப்புக்குப் போகும்போது, "அப்பா, நான் வர்ற வரைக்கும் ஒன்னையும் தொட்டுறாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். தொடக்கூடாத சாமானை ஏன் கண்ணெதிரே வைத்துவிட்டுப் போக வேண்டும், நீங்களே சொல்லுங்கள். தேயிலை பெக்டரியில் மெஷின் பொருத்தும் பிட்டராக இருந்தவன் நான், வெள்ளைக்காரன் காலத்து ரோலருக்கு இப்போது செய்கிற பெயரிங் சேராது, அரத்தை எடுத்து இரண்டு இழுப்பு இழுத்தால் சேரும், சேராவிட்டால் இன்னும் இரண்டு இழுப்பு, அவ்வளவுதான் தொழில். அந்த மாதிரி புரொசெசரை எடுத்துப் பெட்டிக்குள் இருந்த போர்டில் வைத்தேன், உட்காரவில்லை, திருப்பி வைத்தேன், அப்போதும் உட்காரவில்லை, பார்த்தால் போர்டின் ஓரத்தில் மூக்கு மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டு இடிக்கிறது. மூக்கை அரத்தால் எடுத்துவிட்டுக் கொண்டியை அழுத்தினேன், நறுக்கென்று ஒரு சத்தம், உட்கார்ந்துவிட்டது. அடுத்தது ரேம். இரண்டு துண்டு அனுப்பியிருந்தீர்கள். அதில் வெட்டு ஓரிடத்தில், போர்டில் மேடு வேறிடத்தில். ஒன்றை எடுத்து இரும்பு அறுக்கும் ஹெக்ஸோ பிளேடால் புதிதாக ஒரு வெட்டுப் போட்டேன், அழகாக இறங்கியது. கிராபிக்ஸ் கார்ட் பெட்டியை விட நீளம், ஆகவே உள்ளே குறுக்கே நின்ற தகரத்தையும் அறுத்தேன். மல்லிகா குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னாங்க, கம்பியூட்டர் செய்றீங்களா, கூரைத் தகரம் வெட்டுறீங்களா?" என்று கேட்டாள். உங்கள் தங்கைக்கு உங்கள் வாய்தான்.

சுவிட்சைப் போட்டேன். காற்றாடி சுற்றியது, ஸ்கிரீன் கறுப்பாகவே இருந்தது. பெட்டியின் தலையில் நாலு தட்டுத் தட்டியும் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து மதுஷா வந்து நின்றாள். வெட்டிய ரேமைக் கழற்றிக் கையில் காட்டினேன். "அப்பா, இது ரேம்ப்பா, வெறகில்ல" என்றாள். பெட்டிக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன் மச்சான், பேசாமல் இருக்கிறாள், எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர்கள் அணித் தலைவி றிப்தா போனில், "மெஷின் ரெடியா?" என்று கேட்டதற்கு, "அப்பா செஞ்சிக்கிட்டு இருக்காரு" என்று பதில் சொன்னாள். அதைச் சொன்ன விதத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

சரி, குற்றம் யாருடையது? சேராத சாமானை வாங்கிய உங்களுடையது. எங்கள் பெக்டரியில் ஸ்டோர் கீப்பர் இப்படி வாங்கியிருந்தால் தோட்டத்துத் துரை அவனை கேட்டுக்கு வெளியே நிறுத்தியிருப்பார். கடிதம் கண்டதும் கொழும்புக்குப் போய், சேருகிற புரொசெசரும் ரேமும் வாங்கி வாருங்கள். இல்லாவிட்டால் உங்கள் மகன் சுரேந்திரன் கல்யாணப் பந்தலில் என்னைப் பார்க்க மாட்டீர்கள். மல்லிகா வருவாள், அவளைத் தடுக்க என்னால் ஆகாது.

சகல செல்வங்களும், கூடவே கொஞ்சம் வெட்கமும் பெற்று நீங்கள் நீண்ட காலம் வாழ வேண்டும். இராஜம் அக்காவுக்கு என் வணக்கம், அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

இப்படிக்கு,
கோபத்திலும் உங்கள் மாப்பிள்ளையாகவே இருக்கும்
நாகலிங்கம்

பி.கு.: கவரை ஒட்டப் போற நேரத்துல, அலுமாரியில போர்வை தேடின மல்லிகா ஒரு பெட்டியத் தூக்கிக்கிட்டு வந்து "இது என்னாங்க?"ன்னு கேட்டா. அது நீங்க அனுப்பின சாமான்ல ஒன்னு, புது மதர்போர்ட், மத்த சாமானெல்லாம் உட்கார வேண்டிய போர்ட். பெக்டரியில பழசு ஓடுற வரைக்கும் புதுச ஸ்பெயாரா உள்ள வச்சிப் பூட்டுறதுதான் வழக்கம். அந்தப் பழக்கத்துல ஆபீஸ் போர்டப் பெட்டிக்குள்ளயே விட்டுட்டு, புதுச நான்தான் போர்வைக்கு அடியில பத்திரப்படுத்தியிருந்தேன். மதுஷா வாயைத் திறக்காம பழசக் கழட்டிட்டு இதப் போட்டா. அன்னைக்கு நறுக்குன்னு உடைஞ்சது பழைய போர்டுதானாம், புரொசெசர் சொன்ன பேச்சுக் கேக்குற புள்ள மாதிரி உட்கார்ந்திருச்சு. வெட்டாத ரேம் ஒன்னு மிச்சம் இருந்திச்சு, அது போதுமாம். ஸ்கிரீன்ல வெளிச்சம் வந்திருச்சு மச்சான். அதனால மேல எழுதினதுல சுகம் விசாரிச்சத மட்டும் எடுத்துக்கங்க. முத்திரை ஒட்டியாச்சு, பிய்க்க மனசு வரல்ல, அதான் அனுப்புறேன். மதுஷா இப்பதான் என்கிட்ட பேசினா. "அப்பா, போட்டி அன்னைக்கு நீங்க வரக்காப்பொல மாமா வீட்டுக்குப் போயிட்டு வாங்க"ங்கிறா. போட்டிக்கு முதல் நாள் வெள்ளிக்கிழமையே வர்றேன். உங்க வீட்டுல ஒன்னுக்கொன்னு சேராத சாமான் ஏதாச்சும் இருந்தா எடுத்து வைங்க, நான் பாக்குறேன்.