மட்கார்டுக்குக் குளிருது

செவ்வாய்க்கிழமை காலையில் சன்னாசி ஒரு முடிவுக்கு வந்தார். யார் கேட்டாலும் உண்மையைச் சொல்வதில்லை. போலீஸ் கேட்டால்கூடச் சமாளித்துவிடலாம். பெண்டாட்டி பஞ்சாலை கேட்டால்தான் கஷ்டம்.

உண்மை இதுதான். ரப்பர் தோட்டத்துத் துரை ஒரு கூட்டத்துக்காகக் கோலாலம்பூர் போயிருந்தார். காட்டில் கம்யூனிஸ்ட்காரர்கள் துப்பாக்கியோடு திரிந்த அவசரகாலம் என்பதால் போலீஸ் வண்டிகள் முன்னும் பின்னும் வர, ஜீப்பில் போனார். அவருடைய கறுப்புக் கார் டிரைவர் சன்னாசியின் பொறுப்பில் இருந்தது. திங்கட்கிழமை சாயங்காலம் பெட்ரோல் போட அதைப் பக்கத்து ஊர் லோபாக்கிற்கு ஓட்டிப் போனவர், ஊரடங்குக்கு முன் திரும்ப வேண்டுமே என்று விரட்டிக்கொண்டு வந்தார். தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி போட்டவர்கள் வாசலின் அகலத்தில் மட்டும் சிக்கனம் பார்த்துவிட்டார்கள். நுழையும்போது 'கிரீச்' என்று ஏதோ கேட்டது. காலையில் பார்த்தால், இடதுபக்க மட்கார்டில் முழ நீளத்துக்கு ஒரு பழுப்புக் கோடு.

பெயின்ட் போய், துருப்பிடித்த தகரம் பல்லைக் காட்டுகிறது என்றே நினைத்தார். துரை சனிக்கிழமை மத்தியானம் வந்துவிடுவார். கோட்டைப் பார்த்தால் டிரைவர் தொப்பி பறிபோகும், கையில் ரப்பர் பால்வாளி வரும். சன்னாசி கார் கழுவி, கார் துடைத்து, கார் ஓட்ட ஏறியவர். வாழ்நாளில் ஒரு ரப்பர் மரத்தைக்கூடச் சீவியதில்லை. பஞ்சாலையின் பால்வாளி வீட்டுக்குள் வந்தாலே மூக்கைப் பொத்திக்கொள்வார்.

"என்னாங்க, காருகிட்டயே நிக்கிறீங்க?" என்று பஞ்சாலை கார் ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். சன்னாசி சட்டென்று மட்கார்டின்மேல் சாய்ந்துகொண்டார்.

"சும்மா. காத்து வாங்குறேன்."

"மழையிலயா?"

பஞ்சாலை அவருடைய இடுப்புக்கு இந்தப் பக்கம் ஒருமுறையும் அந்தப் பக்கம் ஒருமுறையும் பார்த்தாள். பிறகு வீட்டுக்குப் போய்விட்டாள்.

கொட்டுகிற மழையில் சைக்கிளை மிதித்து லோபாக்கில் குலாம் முகம்மதுவின் இரும்புக் கடைக்குப் போனார். கடைக்காரர் கறுப்புப் பெயின்டோடு யோசனையும் கொடுத்தார்.

"இந்த ஈரத்துல அடிச்சா பெயின்ட் காயாதுண்ணே. வெள்ளையாப் பூத்துரும். ஷெட்டை அடைச்சுச் சூடு ஏத்துங்க. ஆனா நெருப்பை மட்டும் உள்ள கொண்டு போயிராதீங்க. தின்னர்ல பிடிச்சா காரும் போயிரும், நீங்களும் போயிருவீங்க."

"அப்புறம் எப்படிலா சூடு ஏத்துறது?"

"செங்கல்லை வெளிய சுட்டு உள்ள கொண்டு வைங்க. ஆற ஆற மாத்துங்க."

செங்கல் சுட அடுப்பு வேண்டும். வீட்டில் மூன்று கரியடுப்பு இருந்தது. மூன்றுக்கும் எஜமானி பஞ்சாலை. அவளை அப்புறப்படுத்தினால்தான் காரியம் நடக்கும். சன்னாசி குரலில் தேன் தடவிக்கொண்டார்.

"பஞ்சாலை, லாபுல இருக்குற உன் தங்கச்சி மயிலம்மாள் பிள்ளை பெத்து ரெண்டு மாசம் ஆச்சே. போய்ப் பாத்துட்டு வாயேன்."

"அவசரகாலம், போகக் கூடாதுன்னீங்க?"

"பகல்ல பஸ் ஓடுதுல்ல?"

"உங்களுக்கு யாரு சோறாக்குறதுன்னு கேட்டீங்க?"

"எனக்குக் கை இல்லையா?"

"இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரியுது. பால் வெட்டு?"

"மழையில ஏது வெட்டு?"

"வெறுங்கையோட எப்படிப் போறது? புள்ளைக்குக் கொலுசு..."

"வாங்கிக்க."

"சனிக்கிழமை வரைக்கும் இருக்கலாமா?"

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தா போதும்."

அடுத்த பஸ்ஸிலேயே பஞ்சாலை கிளம்பினாள். இவ்வளவு சுலபமாக அவளை ஏமாற்றியதில் சன்னாசிக்குத் தலைகால் புரியவில்லை.

மட்கார்டைக் கழற்றினார். ஷெட்டின் சந்துபொந்துகளில் கோணியைத் திணித்தார். கோட்டை உப்புத்தாளால் தேய்த்தார். அது பிசுபிசுவென்று தாளில் ஒட்டியது. பழைய பெயின்ட் இளகிவிட்டது போலும் என்று தமக்குத் தாமே விளக்கம் சொல்லிக்கொண்டு தகரம் தெரியும்வரை தேய்த்தார். பிறகு பெயின்ட் அடித்தார். வாசல் ஓரத்துக் கூரையின் கீழ் மூன்று அடுப்பும் எரிந்தன. சுட்ட செங்கலை இடுக்கியில் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார். ஆறிய செங்கலோடு வெளியே ஓடினார். இப்படியே மூன்று நாள். புருவம் பாதி கருகியது. கஞ்சி காய்ச்ச அடுப்பு ஒழியாததால் ரொட்டியும் வாழைப்பழமும்தான் சாப்பாடு.

வியாழக்கிழமை, வாசல் காவல்காரர் முனியாண்டி துப்பாக்கியோடு வந்து நின்றார்.

"என்னாண்ணே, விடாமப் புகையுது? காட்டுல உள்ளவனுங்களுக்குச் சோறாக்குறீங்களா?"

"ஐயையோ! குளிருக்குப்பா."

"யாருக்குக் குளிருது?"

சன்னாசி தொண்டையைக் கனைத்தார். "மட்கார்டுக்கு."

முனியாண்டி உள்ளே பார்த்தார். சுற்றிலும் சுடுகல் அடுக்கிய நடுவில் மட்கார்டு தொங்கிக்கொண்டிருந்தது. கையால் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். சாயங்காலத்துக்குள் மட்கார்டுக்குக் குளிருகிற கதை தோட்டம் முழுக்கப் பரவிவிட்டது.

வெள்ளிக்கிழமை மழை விட்டது. மட்கார்டு கண்ணாடியாக மின்னியது. மாட்டி முடித்தபோது சன்னாசிக்கு ஆனந்தத்தில் கண்ணே கலங்கிவிட்டது. சாயங்காலம் பஞ்சாலையும் கன்னம் உப்பி, முகம் மலர்ந்து வந்து சேர்ந்தாள்.

சனிக்கிழமை நல்ல வெயில். பஞ்சாலை பால் வெட்டப் போனாள். துரை வருமுன் ஒருதரம் துடைக்கலாம் என்று ஷெட்டுக்கு வந்த சன்னாசி அப்படியே உட்கார்ந்துவிட்டார். வலதுபக்க மட்கார்டில் முழ நீளத்துக்கு ஒரு பழுப்புக் கோடு!

பஞ்சாலை அப்போதுதான் பால் கொடுத்துவிட்டு, தோளில் சுமக்கும் காண்டா கம்பின் இரு முனையிலும் வெறும் வாளிகள் ஆட, ஷெட் வழியாக வந்துகொண்டிருந்தாள்.

"போச்சுடி! தொப்பி போச்சு! இன்னும் கொஞ்ச நேரத்துல துரை வந்துருவாரு!"

பஞ்சாலை வாளிகளை இறக்கினாள். கோட்டின் முனையில் நகத்தைக் கொடுத்து இழுத்தாள். சர்ரென்று முழுக் கோடும் கயிறாக உரிந்து வந்தது. அடியில் பழைய பெயின்ட் பளபளவென்று இருந்தது.

"ரப்பர் பால்தாங்க. வெட்டிட்டு இந்த ஷெட் வழியாப் போற பொம்பளைங்க வாளி ஆடுனா காருமேல சிந்தும். காஞ்சா இப்படித்தான்."

சன்னாசி உரிந்த கயிற்றைப் பார்த்தார். இடதுபக்க மட்கார்டைப் பார்த்தார். வெந்துபோன விரல்களைப் பார்த்தார்.

"அப்போ செவ்வாய்க்கிழமை... நீ பாத்தியா?"

"பாத்தேனே."

"ஏன்டி சொல்லல?"

"சொல்லியிருந்தா லாபுக்கு அனுப்பியிருப்பீங்களா?"

வெளியே துரையின் ஜீப் சத்தம் கேட்டது. சன்னாசி தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். பஞ்சாலை ரப்பர் கயிற்றைச் சுருட்டி வாளிக்குள் போட்டுக்கொண்டே கேட்டாள்:

"அடுத்த மாசம் புள்ளைக்கு மொட்டை அடிச்சுக் காது குத்துறாங்களாம். எந்தப் பக்கத்து மட்கார்டுக்குங்க குளிரும்?"